இரண்டுக்கு இரண்டு

பட்டாணித் தெருவில் எங்கள் வீடு.
நான்கு குடித்தனம், ஒரே வாசல்.
தார்த்து நகரின் இந்த மூலையில்
தெருவுக்கெல்லாம் காய்கறிப் பெயர்தான்:
திரும்பினால் அவரை, தாண்டினால் உருளைக்கிழங்கு,
சரிவில் இறங்கினால் ஆறு.

கதவு வெளுத்துவிட்டதென்று
மார்ச்சில் கூட்டம் போட்டோம்.
தேன் நிறம் என்றாள் வீவே.
தேன் என்றாள் மெரிக்கேயும்,
இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
வால்நட் என்றார் ஐவர்.
பெயர்தான் ஐவர், வாக்கு ஒன்று.
நானும் வால்நட்.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று.
படியில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றி மட்டும் பேசினோம்.
ஜூனில் என் கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு:
‘வெளியே உங்கள் நிறம். உள்ளே எங்கள் நிறம்.
வேலை உங்களுடையது. மெரிக்கே.’

பல் கட்டும் கூடத்தில் எனக்கு உத்தியோகம்.
பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்குப்
பொருந்துகிற மஞ்சளைத் தேடுவதே பிழைப்பு.
கதவு என்ன, பெரிய பல்தானே என்று இறங்கிவிட்டேன்.

கீல்களில் பன்னிரண்டு திருகாணி.
பதினொன்று வந்தது.
கடைசியானதற்குத் தலை தேய்ந்திருந்தது.
ஐவர் உளியோடு வந்தார், பேசாமல் எடுத்தார்,
பேசாமல் போனார்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு நூற்றிருபது.
பழைய வார்னிஷ் மாவாகி மூக்கில் ஏறியது.
ஒரு பச்சை, அதன்கீழ் ஒரு பழுப்பு,
சாவித்துளையைச் சுற்றி
இருட்டிலோ போதையிலோ யாரோ துழாவிய கீறல்கள்.
எல்லாவற்றுக்கும் கீழே பைன்,
குளிப்பாட்டித் துடைத்த முதுகுபோல.

பைன் ஒழுங்காகக் குடிக்காது.
வெளிறு வாங்கி வாங்கிக் கறுக்கும்,
வைரம் வாய் திறக்காது,
முடிச்சு துப்பிவிடும்.
முதல் பூச்சில் கதவுக்கு அம்மை வார்த்துவிட்டது.
சுரண்டி, தேய்த்து,
நீர்த்த அரக்கை முதலில் ஊட்டி, காயவிட்டு,
மறுபடி சாயம். தடவு, எண்ணு, துடை.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால்
தானாகப் பற்றிக்கொள்ளும் என்றது டப்பா.
வேலியில் விரித்தேன்,
ஒன்று கருமை, ஒன்று பொன்,
சண்டை ஓய்ந்த இரு குட்டி நாடுகளின் கொடிகள்.

அன்றிரவு நிலையில் கதவில்லை, தார்ப்பாய்.
ஆளுக்கு ஒருமுறை இறங்கிவந்து பார்த்துப் போனோம்,
நிலைகொள்ளாமல்.
பதினொன்றுக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது.
முள்ளெலி ஒன்று தார்ப்பாயை மூக்கால் தூக்கி நுழைந்தது,
குழந்தைச் செருப்பை முகர்ந்தது,
எந்தக் கட்சி என்று சொல்லாமலே திரும்பிற்று.

‘கனத்துக்கு என்ன நிறம்?’ என்றாள் வீவே
மறுநாள் காலை, காப்பிக் கோப்பையோடு.
யாருமே யோசிக்கவில்லை.
மூன்று விரல் அகலம், ஆள் உயரம்.
அது உள்ளோடு சேர்த்தி என்றாள்.
பூட்டு நாக்கை நீட்டுகிற பக்கம்
எப்படி உள்ளாகும் என்றார் ஐவர்.
காப்பி ஆறியது.

அவர்கள் போனபின்
இருநூற்றிருபதாம் தாளால் அந்த விளிம்பை
ஒரு மணி நேரம் இழைத்தேன்.
சாயமே தொடவில்லை.
டப்பாவைக் குலுக்காமல், குமிழி வராமல் கலக்கி
தெளிந்த பூச்சு மட்டும்.
முன்னும் பின்னும் விளிம்பும், அடியும் தலையும்
மூன்று தடவை.
மூன்றாவதில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது,
வால்நட் பக்கம், கைப்பிடிக்கு மேலே.
எடுத்தால் தழும்பு. விட்டுவிட்டேன்.
ஐவருக்கு இன்னும் தெரியாது.

கதவு மாட்டி மாதமாகிறது.
சாத்தியிருக்கும்போது தெருவுக்கு அது இருட்டு,
படிக்கட்டுக்கு அது வெயில்.
திறக்கிற நொடியில் மட்டும்
ஒரு வெளிர்க்கோடு வந்து போகிறது.
யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று, பால் வாங்கி வருகிறேன்.
மெரிக்கேயின் பிள்ளைகளில் ஒன்று, எதுவென்று தெரியவில்லை,
பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு
அந்த விளிம்பை நக்கிப் பார்த்தது.

நிமிர்ந்து என்னிடம்
‘தேன் இல்லை’ என்றது.